கிண்ணத்தில் விழுந்த தூள்

இன்ஷிரா குசினி வாசலில் கால் வைத்தபோது, அவள் புருஷன் ஸஜ்ஜாத் பொத்திய கையைப் பிள்ளையின் கிண்ணத்துக்கு மேலே உதறிக்கொண்டிருந்தான். ஏதோ தூள் பருப்புச் சோற்றுக்குள் விழுந்தது. அவளைக் கண்டதும் கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்ன போட்டீங்க?"

"ஒண்டுமில்ல."

கொஞ்ச நாளாகவே குழந்தை அஷ்பாக்குக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது.

ஸஜ்ஜாத்துக்குப் புல்மோட்டைக் கரையில் இரும்பு கலந்த கனிய மணல் அள்ளும் வேலை. பிள்ளையின் இரத்தத்தில் இரும்புச் சத்துக் காணாது என்று கிளினிக்கில் பிள்ளைகளைப் பார்க்கும் மிட்வைப் கீர்த்தனி சொன்ன அன்று, அவன் ஒரு பிடி கறுப்பு மணலைக் கொண்டுவந்து அதற்குள் காந்தத்தை விட்டுக் காட்டினான். மணல் முள்ளு முள்ளாக எழும்பி ஒட்டிக்கொண்டது. இவ்வளவு இரும்பையும் கப்பலில் ஏற்றுகிறோம், எங்கட புள்ளைக்கு இரும்பு காணாதாம் என்றான். அன்றைக்கு இரண்டு பேருமே சிரித்தார்கள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பாய்ந்துபோய்க் கிண்ணத்தைப் பறித்தாள். சுவரின் மேல்தட்டுக்கு அடியில் இழுபட்டுக் கிடந்த மரக்கதிரை முழங்காலில் இடித்தது; அந்த வலிகூடத் தெரியவில்லை.

நல்லகாலம், அன்று கிளினிக் நாள். பிள்ளையும் கிண்ணமுமாகத் தெருவில் வந்த ஓட்டோவை மறித்து ஏறினாள். ஸஜ்ஜாத்தும் பின்னாலேயே ஏறினான். அந்தக் கறுப்பு மண்ணைப் போட்டீங்களா என்று வழியெல்லாம் கேட்டாள். இல்லவே இல்லை என்றான். அப்ப வேறென்ன என்றால், ஓட்டோக்காரரின் முதுகைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டான். மடியில் கனம் இல்லாத மனிசன் ஏன் வாய் திறக்கப் பயப்படுகிறான்?

அவளுடைய மடியிலும் கொஞ்சம் கனம் இருந்ததுதான். கிளினிக்கில் தந்த சத்துத்தூள் பைக்கற்றுகளைச் சாப்பாட்டில் போட்டால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வரும் என்று பக்கத்து வீட்டுப் பரீனா சொன்னதிலிருந்து, அவள் அவற்றைத் தொடவே இல்லை. ஒருவருக்கும் சொல்லாமல் கதிரை வைத்து ஏறி, மேல்தட்டிலிருந்த வெறும் பால்மா டின்னுக்குள் ஒளித்துவிட்டாள். கீர்த்தனி மிஸ் கேட்டால் என்ன சொல்வது? மண்ணைத் தின்ற பிள்ளை பிழைத்தால் போதும், ஏச்சு வாங்குவதெல்லாம் பெரிய காரியமா?

"மிஸ், இவர் புள்ளைக்கு மண்ணக் குடுத்திருக்கார்."

காத்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸஜ்ஜாத் தலையைக் குனிந்துகொண்டான். கீர்த்தனி பிள்ளையையும் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு டொக்டரின் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே பிள்ளை வீரிட்டு அழுதது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. இன்ஷிரா தெரிந்த துஆவெல்லாம் ஓதினாள். பாதியில் எல்லாம் மறந்து போனது.

கதவு திறந்தது. கீர்த்தனி சிரித்துக்கொண்டு வந்தாள்.

"மண்ணுமில்லை, ஒண்டுமில்லை. நாங்கள் தந்த சத்துத்தூளில இரும்பு இருக்கு. அது உள்ள போனா இப்பிடித்தான் கறுப்பாப் போகும், பயப்பிடத் தேவையில்லை. பிள்ளையின்ர கண்ணிமைக்கு உள்பக்கத்தைப் பாருங்கோ, இரத்தம் ஊறி நல்லாச் சிவந்திட்டுது."

பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு முதுகில் தட்டினாள்.

"இப்பிடி ஒழுங்காப் போடுற தாய்மார் குறைவு. நீங்கள்தானே போடுறீங்கள்?"

இன்ஷிரா பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் சட்டைப்பையின் விளிம்பில், அவள் டின்னுக்குள் ஒளித்த சத்துத்தூள் பைக்கற்று ஒன்றின் கிழிந்த மூலை எட்டிப் பார்த்தது.

அவள் வாய் திறக்குமுன் ஸஜ்ஜாத் முந்திக்கொண்டான்.

"ஓம் மிஸ், இவதான் போடுறவ."