கிண்ணத்தின் கறுப்பு

"இத்தன வருஷமா சர்ச் சாமானெல்லாம் துலக்குறாங்களாம். இந்தக் கிண்ணத்த ஒரு தடவ தேய்க்க அத்தைக்கு உடம்பு வணங்கல!"

முனகிக்கொண்டே மலர்விழி பல்பொடியைக் குழைத்தாள். மாமியார் தங்கம்மாளுக்குக் காய்ச்சல். அதனால் இந்த ஞாயிறு, பென்னாகரம் பக்கத்து அந்தச் சின்னச் சர்ச்சைச் சுத்தம் செய்ய மருமகள் வந்திருந்தாள்.

திருவிருந்தில் எல்லாரும் திராட்சை ரசம் குடிக்க எடுக்கும் வெள்ளிக் கிண்ணம் அது. அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை மெட்ராஸில் வாங்கி வந்து கொடுத்ததாம். இப்போது அடுப்புச் சட்டி மாதிரி கறுத்திருந்தது.

தேய்க்கத் தேய்க்க உருவங்கள் கிளம்பின. முதலில் ஒரு மாடு. அப்புறம் ஒரு மரம். மரத்தடியில் கால் மாற்றி நின்று ஒருவர் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தார்.

கிருஷ்ணர். மலர்விழி வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

போன் அடித்தது. தங்கம்மாள்தான்.

"மலரு, அந்தக் கிண்ணத்த மட்டும் தேச்சிராத."

"தேச்சுட்டனுங்க அத்தை."

தங்கம்மாள் இருமினாள்.

"போதகர் ஐயா கண்ணுல பட்டா உருக்கக் குடுத்துருவாரு. நம்ம சனங்க மொதமொதல்ல வாய் வெச்ச கிண்ணம்டி அது. வூட்டுக்குக் கொண்டாந்துரு. காணோம்னு சொல்லிக்கலாம்."

காணோம் என்றால் யாரைத் திருடி என்பார்கள்? சுத்தம் செய்ய வந்தவளைத்தானே! இருந்தாலும் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள்.

போதகர் சின்னராஜும் லேசுப்பட்ட ஆளில்லை. போன மாசம் ஒரு மாப்பிள்ளை கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிற்றை, எல்லார் முன்னாலும் கத்தரித்தவர்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"முந்தானையில என்னம்மா? குடு."

கொடுத்தாள். போதகர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தேய்க்கச் சொன்னது?"

"நானாத்தானுங்க ஐயா. அத்தைக்கு ஒண்ணுமே தெரியாதுங்க."

வெளியே ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி கிண்ணத்தைச் சுற்றிக் கட்டினார்.

"ஆராதனை முடிஞ்சதும் மெழுகுவத்திப் புகையில கொஞ்ச நேரம் காட்டிரு. பழையபடி கறுத்துரும்."

"ஐயா... உங்களுக்கு..."

"வந்த மொத வாரமே தெரியும். தூக்குறப்ப என் கட்டைவிரல் அந்தக் குழல் மேலதான் படும்."

கிண்ணத்தோடு பீடத்துக்கு நடந்தவர், பாதியில் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு உங்க அத்தைகிட்ட சொல்லிராத. பாவம், பயந்துருவாங்க."