ஈசானிய மூலை

“ஈசானிய மூலையில பாத்ரூம் இருக்கு. இந்த வீடு வேண்டாம்,” என்றார் நாறும்பூநாதன்.

கேம்பிரிட்ஜில், விலைக்கு வந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் கணவனோடு நின்று வீடியோ காலில் சுற்றிக்காட்டிக்கொண்டிருந்த மகள் மீனா, ஃபோனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

“காம்பஸ் வச்சுத் திசையைக் காட்டச் சொன்னது இதுக்குத்தானாப்பா?”

“ஆமா.”

மேலகரத்து வீட்டில், கணவரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நாச்சியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் பௌதிகம் நடத்தியவர். இந்த வீட்டைக் கட்டியபோது, கொத்தனார் கெஞ்சக் கெஞ்ச, ஈசானிய மூலையில்தான் கழிப்பறை என்று பிடிவாதமாக நின்றவர். ‘மூலை என்னய்யா செய்யும்? தண்ணி ஓட வாட்டம் இங்கனதான் இருக்கு’ என்று அவர் வாயை அடைத்தவர்.

“இவர் சம்பளத்துல பாதி வாடகைக்கே போகுதுப்பா. அதே காசுக்கு லோன் கட்டிரலாம். ஒரு வருஷமா அலைஞ்சதுல இது ஒண்ணுதான் கட்டுபடியாகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லணும். இருபதாம் தேதி எனக்குப் பிஎச்.டி வைவா. படிக்கதை விட்டுட்டு வந்து நிக்கேன்.”

“முதல்ல வைவாவுக்குப் படி. வீட்டை அப்புறம் பாப்போம்.”

மீனா ஃபோனைக் கணவன் கோமதிசங்கர் பக்கம் திருப்பினாள். “நீங்க சொல்லுங்க.”

அவன் தரையைப் பார்த்தான். “மாமா சொல்லுததும் சரிதான். பெரியவங்க மனசுக்கு ஒப்பாம எதுக்கு?”

“மாமனாரும் மருமகனும் சேந்தாச்சா? என் கல்யாணத்துக்கு ஜாதகமே பாக்காதவருப்பா நீங்க. வயசானா எல்லாரும் இப்படித்தான் ஆயிருவாங்களா?”

மீனாவின் குரல் உடைந்தது. அழைப்பு துண்டிக்கப்பட்டது.

“ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு?” என்றாள் நாச்சியார். “அந்தப் பிள்ள ஒரு வருஷமாத் தேடிக் கண்டுபிடிச்சிருக்கா. நம்ம வீட்டுக் கக்கூஸ் எங்கன இருக்குன்னு மறந்துபோச்சா?”

நாறும்பூநாதன் கொடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“ஐந்தருவியில தண்ணி நல்லா விழுதாம். குளிச்சிட்டு வாரேன்.”

“போங்க. தலைக்கு ஏறினது கொஞ்சம் இறங்கட்டும்.”

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பிய சத்தம் அடங்குவதற்குள், அவர் மேசைமேல் விட்டுப்போன ஃபோன் ஒளிர்ந்தது. கோமதிசங்கரின் செய்தி.

‘மாமா, மன்னிச்சிருங்க. என் வேலை போனதை மறைக்க உங்களைப் பொய் சொல்ல வச்சிட்டேன். இப்போ தெரிஞ்சா மீனாவால வைவாவுல ஒரு வார்த்தை பேச முடியாது. இருபதாம் தேதி சாயங்காலம் நானே சொல்லிருதேன்.’

நாச்சியார் அதை இரண்டு முறை படித்தாள். ஃபோனை இருந்த இடத்திலேயே, இருந்தபடியே வைத்தாள்.

சற்று நேரத்தில் அவளுடைய ஃபோன் அடித்தது. மீனா.

“அம்மா, நீயாவது அப்பாட்ட எடுத்துச் சொல்லும்மா. நம்ம வீட்டுலயும் அந்த மூலையிலதானம்மா இருக்கு?”

“அங்கன வச்சிட்டுத்தான்ட்டி நாங்க படாத பாடு பட்டோம். அப்பா சொன்னது சரிதான். நீ போய்ப் படி,” என்றாள் நாச்சியார், இருபத்தெட்டு வருஷமாக ஒரு குறையும் வைக்காத அந்த ஈசானிய மூலையைப் பார்த்தபடி.