போர்க்கப்பல் பெயின்ட்

"இதை இடிச்சா சரித்திரத்தையே இடிச்ச மாதிரி சார்!" ஆக்லாந்தின் அந்தக் கடலோரத் தெருவே கேட்கும்படி சீறினாள் ஸ்வர்ணா.

"என்ர காணியில நான் மாடி கட்டுறன். உங்களுக்கேன் வயிறு எரியுது?" என்றார் பக்கத்து வீட்டுப் பிரதாபன்.

"உலகப் போர் சமயத்துல கப்பல் கட்டினவங்க குடியிருந்த கம்பெனி வீடு இது. கவுன்சில்ல புகார் பண்ணிட்டேன். இப்போ அதிகாரி வருவாங்க."

"ஓம், வரட்டும்!"

அதிகாரி வந்தாள். "அந்தத் தொழிலாளிகள் பட்டறையில் சுருட்டிய சாம்பல் நிறப் போர்க்கப்பல் பெயின்டைத்தான் வீட்டுக்கும் அடித்தார்கள்" என்றபடி பிரதாபனின் சுவரைச் சுரண்டினாள். சாம்பல் நிறத்தையே காணோம்.

"இது பிற்பாடு கட்டிய வீடு. தாராளமாக இடிக்கலாம்."

ஸ்வர்ணாவின் முகம் கறுத்தது.

வந்ததுதான் வந்தோம் என்று, அதிகாரி ஸ்வர்ணா வீட்டுச் சுவரையும் சுரண்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் கெட்டியான சாம்பல் நிறம்.

"அசல் கம்பெனி வீடு இதுதான்! இனி இதில் ஒரு பலகையைக்கூட அசைக்கக் கூடாது."

"சரித்திரத்தைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ, தங்கச்சி!" பிரதாபன் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் புல்டோசர் ஒன்று உறுமிக்கொண்டு திரும்பியது. பக்கத்து வீட்டு மாடி மறைக்காத கடலைப் பார்த்தபடி மூன்று மாடி கட்டலாம் என்று, தன் வீட்டை இடிக்க ஸ்வர்ணாதான் அதை வரச் சொல்லியிருந்தாள்.