தணிகாசலம் கட்டிய பாலம்

மூன்று மணிக்குள் செங்கல்பட்டில் வேட்புமனு கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் அம்மனுக்கு மாலை போட்டுவிட்டுப் போங்கள் என்று கடலோரக் குப்பத்து ஜனங்கள் கூப்பிட்டதில் எம்.எல்.ஏ. தணிகாசலத்துக்கு நெஞ்சு விம்மியது. கால்வாயின் அக்கரையில் காரை டிரைவரோடு விட்டுவிட்டுப் படகில் வந்தார்.

மீன்காரி சொர்ணம் ஆரத்தி எடுத்தாள். போன வருஷம் பிரசவ வலியில் துடித்த அவள் மகள், படகு வருவதற்குள் இந்தக் கரையிலேயே செத்துப்போனாள். அந்தச் சொர்ணமே திலகம் வைத்ததும், ஜனங்களின் மறதியை எண்ணி அவர் பூரித்துப்போனார்.

மேளம், மாலை, பிரசங்கம் எல்லாம் முடிந்து கரைக்கு வந்தால் படகைக் காணோம்.

"மணி ரெண்டாச்சு. படகு எங்கேய்யா?"

"படகு இன்னாத்துக்கு நைனா?" என்றான் படகுக்கார மாரி. "பாலத்து மேல நடந்து போ."

"எந்தப் பாலம்?"

"கட்டி முடிச்சாச்சுன்னு சட்டசபைல சொன்னியே, அந்தப் பாலம்தான்."

கூட்டம் சிரித்தது.

"வெளையாடாதடா! மனு குடுக்கணும்!"

"அதெல்லாம் குடுத்துடுவாங்க, பேஜாராவாத."

மாரி அக்கரையைக் காட்டினான். அங்கே காலிப் படகு ஆடிக்கொண்டிருந்தது. காரைக் காணோம்.

"சொர்ணக்கா போயிருக்குது. ஒன்ன எதுத்து நிக்கப் போவுது."

"என் கார்லயா? டிரைவர் எப்படிடா ஏத்தினான்?"

"அவன் சொர்ணக்கா மருமவன் நைனா. பொஞ்சாதி செத்துட்டாள்னு ஒன்னாண்ட லீவு கேட்டானே, எப்படிச் செத்தாள்னு ஒரு வார்த்த கேட்டியா?"