தம்பியின் அழுகை

சஃபீர் காரை விட்டு இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தான்.

மதுரை விமான நிலையத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் அழுதுகொண்டே வந்திருப்பான் போல. செருப்பை வாசலில் உதறிவிட்டு உள்ளே ஓடி, வாப்பாவின் கால்மாட்டில் விழுந்தான். குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, அவன் முகம் பார்க்க வேண்டுமென்றுதான் அஸர் தொழுகை வரைக்கும் வாப்பாவின் மய்யித்தை எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

சற்று அடங்கியிருந்த வீடு மறுபடி அழுதது. ஃபஸீலா மாமி அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ முதுகைத் தடவினார்கள்.

மூத்தவன் மஹ்மூது நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயிறு எரிந்தது.

வாப்பா படுக்கையில் விழுந்து மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் துணி மாற்றியது, நகம் வெட்டியது, கஞ்சி ஊட்டியது எல்லாம் அவன்தான். சஃபீர் வெள்ளிக்கிழமைதோறும் தம்மாமிலிருந்து வீடியோ காலில் வந்து ஸலாம் சொன்னான்.

இன்று குளிப்பாட்டும்போதுகூட, வாப்பாவின் இடுப்புப் புண்ணில் தண்ணீர் படாமல் மஹ்மூது கையை வைத்து மறைத்தான். இனி அவருக்கு வலிக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்போதும் அழுகை வரவில்லை.

கொல்லைப்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முயன்றுகூடப் பார்த்தான். ஒரு சொட்டு வரவில்லை. வெளியே வந்தால், ‘மஹ்மூது திடமான ஆளு’ என்று பந்தலில் யாரோ மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவன் முதுகை யாரும் தடவவில்லை. கபர் தோண்டியாச்சா, நாற்காலி பத்துமா என்றுதான் கேட்டார்கள்.

இந்த அழுகை தனக்குச் சேர வேண்டியது, அதையும் இவன் வந்து எடுத்துக்கொண்டான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே கேவலமாகவும் இருந்தது.

வாப்பாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்க ஆட்கள் வந்தபோது சஃபீர் எழுந்து அண்ணனிடம் வந்தான். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“காக்கா, வாப்பா என்னயத் தேடுனாகளா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். தம்பி அதை ஆயுள் முழுக்கச் சுமப்பான்.

“தேடல,” என்றான் மஹ்மூது.

சஃபீரின் முகம் போன போக்கைப் பார்த்தான். மிச்சத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம்.

“நீ பக்கத்துலயே இருக்கன்னு நெனச்சுக்கிட்டாக. கடைசி நாலு மாசம் அவுகளுக்கு ஆள் தெரியல. ஒவ்வொரு வாய் ஊட்டுறப்பவும், ‘சஃபீரு, நீ சாப்பிட்டியா’ன்னு என்னயக் கேப்பாக. சாப்பிட்டேன் வாப்பான்னு சொல்லிருவேன். நான் மஹ்மூதுன்னு திருத்தல. அவுக சந்தோஷமா இருந்தாக.”

சஃபீரின் அழுகை நின்றுவிட்டது. அண்ணனின் கையைப் பிடித்தான்.

“அப்ப உங்களக் கேக்கலையா, காக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் மஹ்மூது வாயெடுத்தான். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

வாசலில் சந்தூக்கைத் தூக்கக் காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்க வேண்டியதாயிற்று.