மாமனார் காவல்

திரையில் அந்தப் புள்ளி நின்றது. நின்று, கொஞ்சம் முன்னால் போய், மறுபடி நின்று, அதற்குப் பிறகுதான் வளைந்தது.

காவல் தலைவருக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

வளைவதற்கு முன் இத்தனை யோசிக்கிற மனிதர் அவருக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருடைய மாப்பிள்ளை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போதும் இதே கூத்துதான். சந்துக்குள் யானையைத் திருப்புகிறார் என்று தலைவரின் மனைவி சமையலறையில் நின்றே சிரிப்பாள். தலைவர் சிரித்ததில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது அவர் வழக்கமில்லை.

துறைமுகத்தின் காவல் எப்படி இருக்கிறது என்று பார்க்க, தண்ணீருக்கடியில் ட்ரோன் விடப்போவதாக நிர்வாகம் காலையில்தான் அறிவித்தது. துறைமுகத்துக்குள்ளே நிற்கும் எண்ணெய்க் கப்பலின் அடிவயிற்றை அது தொட்டுவிட்டால் காவல் தோற்றதாகக் கணக்கு. சோதிக்க வந்திருக்கும் நிறுவனத்தில் ட்ரோன் ஓட்டுகிறவர் மாப்பிள்ளை.

தலைவர் உடனே மேலதிகாரியிடம் போய், இன்றைய காவலிலிருந்து தன்னை விலக்கிவிடச் சொன்னார். பெண் கொடுத்த இடம். நாளைக்கு ஒரு சொல் வந்தால் இரண்டு வீட்டுக்கும் தலைகுனிவு. மேலதிகாரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாமனார் கண்ணில் மண்ணைத் தூவின மாப்பிள்ளை எங்கே இருக்கிறான், போய் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அறையில் இருந்தவர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்புவாரா, நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார் என்றார்கள். அவர் காதில் விழட்டும் என்றே பேசினார்கள்.

அவருடைய அப்பாவும் இதே துறைமுகத்தில் காவல் பார்த்தவர். அந்தக் குடும்பத்தை நோக்கி யாரும் இதுவரை விரல் நீட்டியதில்லை.

புள்ளி மேற்கு வாயிலை நெருங்கியது.

பக்கத்துத் திரைக்கு முன்னால் இருந்தவளைப் பாம்புச்செவி என்று கூப்பிடுவார்கள். கிழக்கு வாயில் அவள் பொறுப்பு. இழுவைப்படகு ஒன்று அந்த வழியாக உள்ளே வருகிறது, அதன் அடியில் நிழல் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது, அடித்துச் சொல்ல முடியவில்லை என்றாள்.

"அது படகு கலக்குற தண்ணிம்மா. ஆள் இங்க இருக்கார். நீயும் இந்தப் பக்கம் திருப்பு."

அவள் திருப்பினாள். தண்ணீருக்கடியில் ஒலி அனுப்பிக் கேட்கும் கருவிகள் எல்லாம் இப்போது மேற்கே காது கொடுத்தன.

புள்ளி மறுபடி நின்றது. யோசித்தது.

நிறுவனம் மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் முதல் பெரிய வேலை இது. மாட்டிக்கொண்டால் மனிதர் ரொம்ப நாளைக்குத் தலை நிமிர மாட்டார். மகளும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பக்கம் வரமாட்டாள். எல்லாம் தலைவரின் நினைவுக்கு வந்தது. வந்ததை ஓரமாக வைத்துவிட்டு வலைக்கதவை எழுப்பச் சொன்னார்.

கடலடியில் படுத்திருந்த இரும்பு வலை மெல்ல எழுந்தது. புள்ளி வளைந்து முடிப்பதற்குள், முள்ளில் சிக்கிய துணியாக அதில் மாட்டிக்கொண்டது.

அறையில் கை தட்டினார்கள். காலையில் வாய் நீண்டவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

தலைவர் வாக்கிடாக்கியை எடுத்தார். ஊடுருவல் பிடிபட்டது, துறைமுகம் பத்திரமாக இருக்கிறது என்று நிர்வாகத்துக்குச் சொன்னார். ஓட்டி வந்தவர் தன் மாப்பிள்ளை என்பதற்காக ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

செல்போன் அடித்தது. மாப்பிள்ளை.

தோற்றவருக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதுதான் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார். அவர் ஆரம்பிப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"மாமா, நான் வண்டி திருப்புற லட்சணத்த வச்சே நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு உங்க பொண்ணு சொன்னா. அதான் இன்னிக்கு வேணும்னே ரெண்டு தடவ கூடுதலா நின்னேன். இழுவைப்படகுக்கு அடியில வந்தது அவ ஓட்டுனது. கப்பலத் தொட்டாச்சு மாமா."

மகளும் அதே நிறுவனத்துக்குப் போய்வருகிறாள் என்பது அவருக்குத் தெரியும். புருஷனுக்குக் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தார். என்ன ஒத்தாசை என்று கேட்டதில்லை.

பாம்புச்செவி அதற்குள் தன் கருவிகளைக் கிழக்கே திருப்பிவிட்டாள். எண்ணெய்க் கப்பலின் நடுவயிற்றுக்கு நேர் கீழே ஒரு புள்ளி அசையாமல் நின்றது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். எப்படியும் வெளியே போய்ச் சொல்லத்தான் போகிறார்கள்.

தலைவர் எழுந்து நின்றார். மறுபடி வாக்கிடாக்கியை எடுத்தார். துறைமுகம் பத்திரம் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கிழக்கு வாயிலிலிருந்து தகவல் வந்தது, அதைத் தட்டிக்கழித்தவன் நான் என்றார்.

மறுமுனையில் மேலதிகாரி. உள்ளே வந்தது யார் என்று கேட்டார்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருந்தாலே போதும்.

தலைவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"என் மகள்" என்றார்.