புளி தேய்த்த குழாய்

சுதந்திரம் வந்து பத்து வருஷம் கழித்து, திண்டிவனத்தில் எங்கள் தெரு முனைக்கு முனிசிபாலிட்டிக் குழாய் வந்திருக்கிறது. பித்தளை வாய் காலை வெயிலில் மின்னுகிறது. மேலே தொங்கும் பலகையில் 'எல்லாருக்கும் பொது' என்று எழுதியிருக்கிறது. எழுதிவிட்டால் ஆயிற்றா? தெரு அதை நம்பவில்லை. ஜன்னலோரம் நிற்கும் நானும் நம்பவில்லை. மறுகோடி வீட்டுக் கெங்கம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் குழாயை முறைக்கிறாள். "யாரு யாரு கை பட்டுதோ" என்று முனகியபடி, மடியிலிருந்து புளியை எடுத்து, குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் அழுத்தித் தேய்க்கிறாள். சேரியிலிருந்து வந்த ஜெயம் வெறுங்குடத்தோடு எட்டவே நிற்கிறாள். "இன்னும் தள்ளி நில்லுடி, தண்ணி தெறிக்குது." "புடிச்சிக்கினு போங்கம்மா, நான் நிக்கிறேன்." குடம் நிறைகிறது. கெங்கம்மாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். ஜெயம் குழாயருகே வருகிறாள். நீட்டிய கை நிற்கிறது. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். உள்ளே ஓர் உருண்டை புளி. கெங்கம்மாள் பிடித்த இடத்தையே அவசரமில்லாமல் தேய்க்கிறாள். பாதித் தெருவில் கெங்கம்மாளின் குடம் தளும்புகிறது. "இன்னாடி பண்றே?" ஜெயம் நிமிரவில்லை.

"யாரு யாரு கை பட்டுதோங்கம்மா."